பெயரை மறைத்தோம், ஊரைப் போட்டோம்

அந்த வெள்ளிக்கிழமை மதியம், தேங்காய்ப்பட்டணத்தில் ரெஜினாவின் வீட்டில், நாங்கள் மூன்று பேர் ஒரு தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

தொலைபேசி ஒரு முக்காலியின் மேல் இருந்தது. அதற்கு ரோஜாப்பூத் தையல் போட்ட வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. ஜன்னல் வழியாகக் கருவாட்டு வாடை வந்தது. ரெஜினா சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் இருந்தாள். அவளுடைய அம்மா ஸ்டெல்லா அடுக்களை வாசலில் நின்றார். எனக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தார்கள். அது மரியாதையா, விலக்கி வைத்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை.

ரெஜினாவின் அப்பா அந்தோணி வளைகுடாவில் வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. மதியம் தவறாமல் கூப்பிடுவார். அவரைப் பற்றி ரெஜினா எழுதிய ஒரு கட்டுரையை நாங்கள் நடத்திய இணைய இதழில் நான் வெளியிட்டிருந்தேன். எழுதியது யாரென்று ஒருவருக்கும் தெரியாது என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். எட்டே நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"பெல் அடிச்சா நீதான் எடுக்கணும்," என்றார் ஸ்டெல்லா ஆன்ட்டி. "நீதானே பத்திரிகைக்காரி."

பேருந்தில் ஓர் ஆசிரியர் குழு

இந்தத் தொடரின் தொடக்கத்தில் கல்லூரிச் சேர்க்கை பற்றி எழுதியபோது, இரணியல் பக்கத்துப் பொறியியல் கல்லூரிக்கு நான் தினமும் கருங்கல்லில் பேருந்து ஏறியதைச் சொல்லியிருந்தேன். அந்தப் பேருந்து தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வரும். நான் ஏறும்போது ரெஜினா ஏற்கெனவே இருப்பாள். எனக்காக ஒரு நோட்டுப் புத்தகத்தைப் போட்டு இடம் பிடித்து வைத்திருப்பாள். எங்கள் வகுப்பு அஜினும் கருங்கல்லில்தான் ஏறுவான். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருக்கையின் மேல் சாய்ந்து நிற்பான்.

இதழ் பிறந்தது அந்த இருக்கையில்தான். கல்லூரி ஆண்டு மலரில் சிறப்பு விருந்தினர் படங்களும் வாழ்த்துரைகளும் போக மாணவர்களுக்கு நான்கு பக்கம் மிஞ்சும். அதிலும் ரெஜினா கொடுத்த கட்டுரையை இரண்டு ஆண்டுகள் திருப்பிக் கொடுத்தார்கள்.

"நெட்டுல போட்டா யாரு திருப்பித் தருவா?" என்று அஜின் கேட்டான்.

கேட்டுவிட்டு அவன் மறந்திருப்பான். நான் மறக்கவில்லை. எனக்கு எதையும் பட்டியல் போட்டால்தான் மனம் அடங்கும். மறுநாளே நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதி எடுத்து வந்தேன்:

1. இலவசமாக இடம் தருகிற தளம் கண்டுபிடிக்க.
2. பக்கம் எழுதும் மொழி படிக்க (பாடத்தில் வரும்வரை காத்திருக்க முடியாது).
3. தமிழ் எழுத்துரு.
4. பெயர்.

நான்காவதை ரெஜினா அங்கேயே முடித்துவிட்டாள். "கரைமடி," என்றாள். வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்ட வலையை, கரையில் நின்று இரண்டு பக்கமும் ஆட்கள் சேர்ந்து இழுப்பது கரைமடி. வள்ளம் இல்லாதவனும் இழுக்கலாம், பங்கும் உண்டு என்றாள். அஜினுக்கு அது பழைய பெயராகத் தோன்றியது. ஆனால் அவன் கையில் வேறு பெயர் இல்லை.

கட்டுரைகளை அச்சிட்டு எடுத்து வந்து பேருந்திலேயே சத்தமாக வாசித்துத் திருத்துவோம். பக்கத்து இருக்கைக்காரர்களும் கேட்பார்கள். ஒருமுறை நெடுங்கவிதை ஒன்றை அஜின் உருகி உருகி வாசித்தபோது நடத்துநர் குறுக்கே வந்தார்.

"ஏலே, இது திங்கள்நகரோட முடியுமா? இல்ல, கவிதைக்கும் சேத்து டிக்கெட் எடுக்கியா?"

அந்தக் கவிதையைப் பாதியாகக் குறைத்தோம்.

பெட்டிக் கடை

பக்கம் எழுதும் மொழியை யாரும் எங்களுக்குக் கற்றுத்தரவில்லை. பிடித்த இணையப் பக்கம் ஒன்றைத் திறந்து, அதன் மூலக் குறிப்புகளை அப்படியே எடுத்து, ஒவ்வொரு வரியாக அழித்துப் பார்ப்போம். எதை அழித்தால் எது உடைகிறது என்று நோட்டில் குறித்துக்கொள்வேன். அட்டவணையை மூடும் வரியை அழித்தால் பக்கம் முழுவதும் சரிந்து ஒரு மூலையில் ஒதுங்கும். அதைப் பார்த்து ரெஜினா வாய்விட்டுச் சிரிப்பாள்.

முதல் இதழை ஏற்றிய அன்று படங்கள் எதுவும் தெரியவில்லை. ஆய்வகக் கணினியில் எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகுதான் புரிந்தது. படக் கோப்புகளின் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்திருந்தன. எங்கள் கணினி அதைக் கண்டுகொள்ளாது. தளத்தின் கணினி கண்டுகொள்ளும். இன்றும் அலுவலகத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கோப்புப் பெயரைச் சிறிய எழுத்தில் வை என்பதுதான். ஏன் என்று கேட்பவர்களிடம் இரணியலைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். பெரும்பாலும் சொல்வதில்லை.

அடுத்தது எழுத்துரு. நாங்கள் தட்டச்சு செய்த எழுத்துரு எங்கள் ஆய்வகத்தில் மட்டும்தான் இருந்தது. அஜினின் அக்கா மாப்பிள்ளை துபாயில் இருந்தார். இதழைத் திறந்து பார்க்கச் சொன்னோம்.

"தமிழே இல்லியாம் மக்கா. வரி வரியா வெறும் பெட்டியாக்கும்," என்றான் அஜின் மறுநாள். "சவப்பெட்டிக் கடையாடே நடத்துகியன்னு கேக்காரு."

எந்தக் கணினியிலும் தமிழ் தெரியும் யூனிகோடில் முழு இதழையும் மறுபடி தட்டச்சு செய்தோம். மூன்று பேர், பதினாறு கட்டுரைகள், மதிய உணவு இடைவேளைகள். ஆய்வக உதவியாளர் கதவைப் பூட்ட வரும்போது சாவியைக் குலுக்குவார். அந்தச் சத்தம் கேட்டதும் சேமிக்க வேண்டும். ஒரு நாள் சேமிக்காமல் எழுந்துவிட்டேன். இரண்டு கட்டுரைகள் போயின. அன்று ரெஜினா என்னிடம் பேருந்தில் பேசவில்லை. திங்கள்நகர் தாண்டியதும், "செரி, நாளைக்கு நான் அடிக்கேன்," என்றாள்.

அப்போது எங்களிடம் ஒரு வருகை எண்ணி இருந்தது. பக்கத்தின் அடியில் கறுப்புக் கட்டத்தில் பச்சை எண்கள். அதில் பெரும்பகுதி நாங்களே திறந்து திறந்து ஏற்றியது.

உள்ளங்கை

மூன்றாவது இதழுக்கு ரெஜினா கொடுத்த கட்டுரை இரண்டு பக்கம். தலைப்பு 'உள்ளங்கை'.

அவள் அப்பா ஊரில் வள்ளத்தின் தலையாளாக இருந்தவர். காற்றைப் பார்த்து, எங்கே வலை போடுவதென்று சொல்கிறவர். வள்ளம் கைவிட்டுப் போன பிறகு வளைகுடாவுக்குப் போனார். அங்கே தொழிலாளர் முகாமின் சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவினார். இங்கே வீட்டுக்கு வெளியே யாருக்கும் அது தெரியாது. ஊரில் சொன்னது சூப்பர்வைசர் வேலை, குளிரூட்டிய அறை.

விடுமுறையில் வந்தபோது அவர் கையைத் தொட்ட மகள் எழுதியது அது. கயிறு இழுத்துக் காய்த்திருந்த இடங்கள் எல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறி, உரிந்து, குழந்தையின் கைபோல மெத்தென்று ஆகியிருந்தனவாம். அந்த மென்மையைத் தாங்க முடியாமல் கையை விட்டுவிட்டதாக முடித்திருந்தாள்.

பேருந்தில் அதை நாங்கள் சத்தமாக வாசிக்கவில்லை. நான் மட்டும் மனதுக்குள் வாசித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பேரு போடாண்டாம்," என்றாள் ரெஜினா. "அப்பாவுக்குத் தெரியாண்டாம். அம்மைக்குத் தெரிஞ்சா கொன்னுருவா."

"போட மாட்டேன். ஒருத்தருக்கும் தெரியாது."

"சத்தியமாட்டு?"

"சத்தியமாட்டு."

எந்த ஊரு?

ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே எழுதியவரைப் பற்றிய அட்டவணை ஒன்று வரும். பெயர், ஆண்டு, துறை, ஊர் என நான்கு கட்டங்கள். அதை வடிவமைத்தது நான். 'உள்ளங்கை'க்கு முதலில் நான்கையும் எடுத்துவிட்டேன். கட்டுரை அந்தரத்தில் நிற்பதுபோல் இருந்தது. ஆண்டைச் சேர்த்தேன். அப்போதும் ஏதோ குறைந்தது.

"ஊரு இல்லாம என்ன, மொட்டையாட்டு இருக்கு?" என்றான் அஜின், என் தோளுக்குப் பின்னால் நின்று.

ரெஜினாவும் திரையைப் பார்த்தாள். "ஊரு போட்டா என்ன? அம்புட்டு பேரு இருக்காவ," என்றாள்.

போட்டேன். 'மூன்றாம் ஆண்டு மாணவி, தேங்காய்ப்பட்டணம்.' இப்போது பக்கம் நிறைவாக இருந்தது. மூவருக்கும் திருப்தி. நான் ஏற்றினேன்.

இன்று யோசித்தால் நாங்கள் மூவரும் அந்த வரியைப் பார்த்துத் திருப்தியடைந்ததுதான் எனக்கு ஆச்சரியம். எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் பேருந்தில் அருகருகே உட்கார்ந்தால் முதல் கேள்வி 'எந்த ஊரு?' இரண்டாவது 'எந்தப் பக்கம்?' மூன்றாவது 'யாருக்க வீடு?' மூன்றாவது பதிலுக்குள் உறவோ பகையோ தெரிந்துவிடும். பெயரைக் கேட்பதே கடைசியில், சில சமயம் இறங்கும்போது. ஆளைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பெயர் தேவையே இல்லை. அப்படிப்பட்ட ஊரில் பிறந்த மூன்று பேர் சேர்ந்து பெயரை மட்டும் மறைத்தோம்.

இதழ் வந்தது ஒரு வியாழக்கிழமை. சனிக்கிழமை பார்த்தபோது வருகை எண்ணி ஓடிக்கொண்டிருந்தது. எண் பழுதோ என்று சந்தேகப்பட்டு நான் குறிப்புகளைச் சரிபார்த்தேன். பழுது இல்லை. யாரோ 'நம்ம ஊருப் பிள்ளை எழுதினது' என்று மின்னஞ்சலில் அனுப்ப, அது வளைகுடா முழுக்கக் கைமாறிக்கொண்டிருந்தது. அஜின் கருங்கல் சந்திப்பில் எனக்குப் பழம்பொரி வாங்கித் தந்தான். நான் இரண்டு தின்றேன். அந்தப் பழம்பொரியை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை பேருந்தில் ரெஜினா இல்லை. அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் மீன் விற்கும் அக்கா ஒருவர் இருந்தார். என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார்.

"ஏ பிள்ளே, உங்க காலேஜ் பிள்ளதானே அந்தோணிக்க மவ? அப்பன் அஞ்ச வெளிநாட்டுல பாத்திரம் கழுவுகான்னு அவளே எழுதிப் போட்டாளாமே. இஞ்ச அம்மைக்காரி ஏசி ரூமுன்னு பறஞ்சுட்டு நடந்தா."

எனக்குக் கருங்கல்லிலிருந்து இரணியல் வரை ஒன்றும் காதில் விழவில்லை.

செவ்வாய் முதல் வியாழன் வரை ரெஜினா வரவில்லை. வழக்கம்போல் பட்டியல் போட்டேன். கட்டுரையை நீக்கலாம். ஊரை மாற்றலாம். கற்பனைக் கதை என்று ஒரு வரி சேர்க்கலாம். மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எதைச் செய்தாலும் அவள் அம்மா கேட்டுவிட்டதைக் கேட்காததாக்க முடியாது. வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போகாமல் எதிர்த் திசைப் பேருந்தில் ஏறினேன்.

மணி

ஸ்டெல்லா ஆன்ட்டி கதவைத் திறந்தபோது என்னைத் திட்டவில்லை. திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன்.

"நீங்க படிச்சிட்டு வேலைக்குப் போயிருவிய," என்றார். "நான் நாளைக்கும் இந்தத் தெரு வழியாட்டுதான் நடக்கணும். ஒங்க அப்பா என்ன வேலை?"

"சர்க்கார் ஆபீஸ்ல கிளார்க், ஆன்ட்டி."

"ம். அதைப் பத்தி எழுதினியா?"

எழுதவில்லை.

மணி அடித்தபோது மூவருமே அதிர்ந்தோம். துணியை விலக்கி எடுத்தேன்.

"ஹலோ. யாரு?" கரகரப்பான குரல்.

"நான் பெனிலா, அங்கிள். ரெஜிக்க கூட படிக்கேன்."

"எந்த ஊரு?"

"கருங்கல்."

"ஓ. நீதானா அந்தப் பத்திரிகை?"

"ஆமா அங்கிள். தப்பு எனக்கதாக்கும். ரெஜி பேரு போடாண்டாம்னுதான் சொன்னா. அவளை ஏசாதீங்க. நான்தான்..."

"நில்லு. அதைத்தான் கேக்கேன். பேரை ஏன் போடல்ல?"

நான் ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"இஞ்ச கேம்புல நம்ம ஊருக்காரன் பதினொண்ணு பேரு இருக்கோம்," என்றார். "அதுல மூணு பேருக்க பொம்பளப் பிள்ளைய காலேஜ்ல படிக்கு. நீ ஊரை மட்டும் போட்டுட்ட. ஒரு வாரமாட்டு மூணு பேரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கல்ல. அதுல சேசடிமைன்னு ஒருத்தன். கிரேன் ஓட்டுகேன்னு வீட்டுல பறஞ்சு வச்சிருக்கான். கிரேன் அவன் ஓட்டல்ல, அதுக்குக் கீழ நின்னு கயிறு கட்டுகான். இஞ்ச யாரும் முழுசா வாசிக்கல்ல, வேலையப் பத்தி ஊருல பொய் பறஞ்ச அப்பனைப் பிள்ள எழுதிப் போட்டான்னு மட்டும் கேட்டுட்டு, அவனுக்க மவதான்னு எல்லாவனும் அவனைப் போட்டு வாரினானுவ. ரெண்டு நாளு அவன் சோறு திங்க வரல்ல."

"ஐயோ, அங்கிள்."

"நேத்து நான் மெஸ்ஸுல எந்திரிச்சு நின்னு சொல்லியாச்சு. எழுதினது எனக்க மவளாக்கும், கழுவுகது நானாக்கும், அவனை விடுங்கடேன்னு."

"பின்ன?"

"பின்ன என்ன? ஒருத்தன் கேக்கான், அப்பம் இந்தத் தட்டுல பிசுக்கு போவாம இருக்கே, அதுவும் நீயான்னு." அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "பிறகு சேசடிமைதான் எனக்கு வாசிச்சுக் காட்டினான். எனக்குக் கம்ப்யூட்டர்ல வாசிக்கக் கண்ணு பிடிக்காது. எனக்கு வருத்தம் உண்டு பிள்ளே. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா பேரு இல்லாம கெடக்கப்பிடாது. போடு. அவகிட்ட குடு."

ரெஜினா வாங்கினாள். "ம்" என்றாள். மறுபடி "ம்". "இல்லப்பா." நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைக்காமலே அம்மாவிடம் நீட்டினாள்.

ஸ்டெல்லா ஆன்ட்டி அவர் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு நின்றபடியே பேசினார்.

"மூணு வருசமாட்டு நான் யாருக்கு வேண்டிப் பொய் சொன்னேன்? கோயில் முற்றத்துல வச்சும் சொன்னேன். நீங்க அஞ்ச எந்திரிச்சு நின்னு ஒரு நிமிசத்துல பறஞ்சாச்சு. எனக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா? இஞ்ச நான் யாருக்க முன்னால எந்திரிச்சு நிக்கியது?"

மறுமுனையில் என்ன பதில் வந்ததென்று தெரியவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "செரி. நேத்து மட்டும்தானா, இன்னைக்கும் சிரிச்சானுவளா?" என்று கேட்டார். அப்போது தொலைபேசி அட்டையின் நேரம் தீர்ந்து இணைப்பு அறுந்தது.

அவர் துணியை எடுத்துப் பழையபடி போர்த்தி, நான்கு முனைகளையும் இழுத்துச் சரிசெய்தார்.

"பேரு போடப் போறியா?"

"ரெஜி சொன்னா போடுகேன், ஆன்ட்டி."

"போடு," என்றாள் ரெஜினா.

"அப்பம் எனக்க பேரையும் போடு," என்றார் அவர். "வாசிச்சுக் கேட்டேன். அதுல நானே இல்ல. கழுவினது அவரு. கழுவல்லன்னு ஊரு பூரா சொல்லிட்டு நடந்தது நானாக்கும்."

ஐந்தாவது கட்டம்

அன்றே நானும் ரெஜினாவும் கருங்கல்லில் இறங்கி, பிரௌசிங் சென்டரில் ஒரு கணினி பிடித்தோம். இரண்டு பேருக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். பாதிப் பாதி உட்கார்ந்தோம்.

என் அட்டவணையில் அம்மாவின் பெயருக்கு இடம் இல்லை. ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்தேன். பக்கத்தின் அகலம் பற்றாமல் அது வலது ஓரத்தைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. வேறு நாளாக இருந்தால் நேராகும்வரை எழுந்திருக்க மாட்டேன். அன்று அப்படியே விட்டுவிட்டேன். அ. ரெஜினா, மூன்றாம் ஆண்டு, கணினித் துறை, தேங்காய்ப்பட்டணம், தாய் ஸ்டெல்லா.

ஏற்றும் பொத்தானை ரெஜினா அழுத்தினாள். பக்கம் மெல்ல மெல்ல மேலிருந்து கீழாக வந்தது. அம்மாவுக்குக் காட்ட ஒரு பிரதி அச்சிட்டு, நோட்டுக்குள் வைத்து எடுத்துப் போனாள்.

திங்கட்கிழமை பேருந்தில் எனக்கு இடம் இருந்தது.

"அம்மை என்ன சொன்னாவ?" என்று கேட்டேன்.

"வீட்டுல ஒண்ணும் சொல்லல்ல. ஆனா ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அந்தப் பேப்பரைக் கொண்டு வந்தா. பூசை முடிஞ்சு எல்லாரும் வெளிய வந்ததும் முற்றத்துல நின்னு தானே ஒவ்வொருத்தருக்கா நீட்டினா. எனக்குத் தலையைத் தூக்க முடியல்ல."

"நீட்டி?"

"'எனக்க மவ எழுதினது, வாசியுங்க'ன்னா. வாசிச்சு முடிச்சவங்ககிட்ட, 'கடைசி வரியையும் வாசிச்சியளா, அது நானாக்கும்'னா."